லாயத்தில் வெந்த சோறு

தாமிரபரணி கடலைத் தொடும் பகுதியில் பழையகாயல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட, இன்று அந்த ஊர் கரையிலிருந்து விலகி உள்ளே கிடக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதுதான் பாண்டிய நாட்டின் வாசல். ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று மேற்கிலிருந்து வந்த மரக்கலங்கள் காயலில் நங்கூரம் பாய்ச்சின. அவை இறக்கிய சரக்குகளில் பாண்டியர் கருவூலத்தை அதிகம் கரைத்தது குதிரை.

கடல்வழிக் குதிரை தமிழகத்துக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களை அடுக்கும் பட்டினப்பாலை, பட்டியலின் தலையில் வைப்பது நீர்வழி வந்த குதிரையைத்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் பெரும்பொருளைக் கொடுத்துத் தன் அமைச்சரை அனுப்புவது திருப்பெருந்துறைப் பக்கம் குதிரை வாங்கத்தான். அந்தப் பணம் கோயில் திருப்பணிக்குப் போனதும், நரிகள் பரிகளானதும், பரிகள் மறுபடி நரிகளானதும் புராணம். குதிரைக்காக அரசன் கருவூலத்தைத் திறந்துவிட்டான் என்பது மட்டும் அந்தக் காலத்தின் நடப்பு.

அப்படி வாங்கிய குதிரைகள் பாண்டிய நாட்டு லாயங்களில் அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. இதைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. 1290களின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து கடல்வழியே திரும்பும்போது அவர் இந்தக் கரையைப் பார்த்தார். இங்கே ஆண்ட ஐந்து சகோதர அரசர்களும் ஆளுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்றும், ஒரு குதிரையின் விலை 100 மார்க் வெள்ளிக்கு மேல் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். எண்ணிக்கையில் பயணிகளுக்கே உரிய மிகை இருக்கலாம். அவர் சொல்லும் காரணம்தான் கவனிக்க வேண்டியது. குதிரையை எப்படிப் பராமரிப்பது என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை. வெந்த சோற்றையும் வெந்த இறைச்சியையும் சமைத்த வேறு பண்டங்களையும் அதற்குத் தீனியாகப் போடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

சில பத்தாண்டுகளுக்குள் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதே செய்தியை வேறு விவரங்களோடு எழுதினார். கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை. அதற்கு முந்தைய தலைமுறையில் பாரசீகக் கரையிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்றும் அவர் கணக்குக் கொடுக்கிறார். வந்திறங்கியவற்றுக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயில் பிசைந்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். நாற்பது நாள் முளையில் கயிற்றால் கட்டிப்போட்டு, கொழுத்த பிறகு பழக்காமலேயே ஏறி ஓட்டினார்களாம். மிகுந்த வலிவும் வேகமும் கொண்ட குதிரைகூடச் சில நாளில் சோர்ந்து, மந்தமாகி, எதற்கும் ஆகாததாகிவிடும் என்று முடிக்கிறார்.

ஒருவர் இத்தாலிய வணிகர், மற்றவர் பாரசீக அரசு அலுவலர். இருவரும் ஒரே இடத்தில் விரலை வைக்கிறார்கள். குதிரை பட்டினியால் சாகவில்லை. ஆசையாக ஊட்டியதால் செத்தது. இன்று சுற்றுலாத் தலத்தில் குதிரையின் வாய்க்கு நேரே ஆப்பிளையோ மாம்பழத்தையோ நீட்டும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பழைய கதையில் வேலை இருக்கிறது.

சிறிய இரைப்பை, பெரிய குடல்

குதிரை புல் தின்னும் விலங்கு, ஆனால் மாட்டைப் போல அசைபோடும் விலங்கு அல்ல. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்றதெல்லாம் முதலில் நுண்ணுயிர்களிடம் போய்ப் பதப்பட்டு, பிறகுதான் சீரண நீரைச் சந்திக்கும். குதிரைக்கு ஒரே இரைப்பை. அதுவும் உடலளவுக்குப் பொருந்தாத சிறிய பை. 400, 500 கிலோ எடையுள்ள விலங்குக்கு 8 முதல் 15 லிட்டர் கொள்ளளவுதான். ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்ன ஏற்றதல்ல அது. நாளில் 14, 16 மணி நேரம் தலையைக் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கு அமைந்தது.

புல்லின் நாரைச் செரிக்கும் இடம் கடைசியில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள குருட்டுக்குடலும் அதைத் தொடரும் பெருங்குடலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழும் ஊறல் தொட்டிகள். இந்த நுண்ணுயிர்க் கூட்டம் குதிரை வழக்கமாகத் தின்னும் தீனிக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. தீனி திடீரென மாறினால் அது தடுமாறும். மாவுச்சத்தோ சர்க்கரையோ சிறுகுடலின் சக்திக்கு மேல் வந்து பெருங்குடலுக்குள் வழிந்தால், அங்கே அமிலம் பெருகும். நார் செரிக்கும் உயிர்கள் மடியும். வாயு அடைத்து வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது எப்படியாவது பின்வழியே வெளியேறியாக வேண்டும்.

இதைவிடக் கொடியது குளம்பில் வரும் கேடு. பெருங்குடல் கெட்டதன் விளைவாக, குளம்பின் கொம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மென்தகடுகள் வீங்கி நெகிழ்கின்றன. கால்நடை மருத்துவர்கள் லாமினைட்டிஸ் என்று சொல்லும் நோய் இது. முற்றினால் எலும்பு தன் இடத்திலிருந்து சரிந்து அடிப்பாதத்தை அழுத்தும். அந்தக் குதிரை ஒவ்வோர் அடியையும் வலியோடுதான் எடுத்து வைக்கும். வேகமான குதிரைகள் சில நாளில் மந்தமாகிவிட்டன என்ற வஸ்ஸாஃபின் வரிக்கு இந்த நோய் நன்றாகப் பொருந்துகிறது.

நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு சட்டென்று ஓட்டும் பழக்கத்துக்கும் மருத்துவம் பதில் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓய்வு நாளிலும் தானியத்தைக் குறைக்காமல் போட்டால், மறுநாள் வேலைக்குப் பூட்டியதும் தொடைத் தசைகள் கட்டையாக இறுகி, சிறுநீர் கறுத்து, குதிரை நின்ற இடத்திலேயே விழும். அதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு நாள் ஓய்வுக்கே அப்படி என்றால், நாற்பது நாள் முளையில் நின்ற குதிரை என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

சாஸ்திரம் சொன்ன பத்தியம்

மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டை அப்படியே ஏற்றால் பாண்டிய நாட்டு லாயக்காரர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்றாகிவிடும். அது நியாயமான தீர்ப்பல்ல. வெந்த தானியம், இறைச்சி, நெய், பால் எல்லாம் அவர்கள் திடீரென்று கண்டுபிடித்த தீனி அல்ல. இந்தியக் குதிரை நூல்களில் நெடுங்காலமாக எழுதி வைத்த பத்தியம் அது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளருக்கென்று தனி அத்தியாயம் உண்டு. உயர்ந்த குதிரைக்கு நெல்லரிசி, வாற்கோதுமை, தினை போன்ற தானியம் 2 துரோணம், பாதி வேகவைத்தது. அல்லது வேகவைத்த பயறு, உளுந்து. அதோடு எண்ணெய் ஒரு பிரஸ்தம், உப்பு 5 பலம், இறைச்சி 50 பலம், தயிர் அல்லது இறைச்சிச் சாறு, குடிக்கப் பாலோ மதுவோ. ஈன்ற குதிரைக்கு மூன்று நாள் நெய். போலோ பார்த்து வியந்த சமையல் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பிற்கால மொகலாய லாயமும் இதே தடத்தில்தான் போயிற்று. அக்பரின் ஆட்சி விவரங்களைத் தொகுத்த அபுல் ஃபசல், அரசரின் சொந்தக் குதிரைகளுக்குக் குளிர்காலத்தில் வேகவைத்த பயறு, தினம் 2 சேர் மாவு, ஒன்றரை சேர் சர்க்கரை, பசும்புல் கிடைக்கும் காலம் வரும்வரை அரை சேர் நெய் என்று அளவு சொல்கிறார். அந்தக் காலச் சேரை வைத்துப் பார்த்தால் சர்க்கரை மட்டும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. பசும்புல் கிடைக்கத் தொடங்கியதும் தீனியை மாற்ற வேண்டும் என்ற அறிவும் அதே பக்கத்தில் இருக்கிறது.

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் குதிரைகளின் இலக்கணம், சுழி, வண்ணம், நோய், மருந்து பற்றிய சுவடிகள் வண்ணப் படங்களோடு உள்ளன. நகுலர் பெயரில் வழங்கும் அசுவசாஸ்திரத்தை நூலகம் 1952இல் அச்சிட்டு வெளியிட்டது. நூலும் ஓவியமும் படைத்து வளர்த்த ஒரு துறையை அறியாமை என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது.

இன்றைய அறிவியல் அந்தப் பத்தியத்தில் சிலவற்றை ஏற்கிறது. வாற்கோதுமையை வறுத்தாலோ வேகவைத்தாலோ அதன் மாவுச்சத்து சிறுகுடலிலேயே நன்றாகச் செரிக்கும்; பச்சையாகக் கொடுப்பதைவிட அது குடலுக்கு நல்லது. நெய்யும் எண்ணெயும் அளவாக, மெல்ல மெல்லப் பழக்கினால் குதிரைக்கு ஆகும். இப்போதும் பந்தயக் குதிரைத் தீவனத்தில் தாவர எண்ணெய் சேர்க்கிறார்கள். பால்தான் ஆகாது. குட்டிப் பருவம் கடந்த குதிரையின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். வளர்ந்த குதிரைக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றினால் கழிச்சல்தான் மிஞ்சும்.

ஆக, பாலைத் தவிர்த்துப் பார்த்தால் தவறு சமையலில் இல்லை. அளவிலும், அவசரத்திலும், புல் இல்லாமையிலும் இருந்தது.

பேரீச்சை தின்ற குதிரைகள்

கப்பலில் ஏறும்வரை அந்தக் குதிரைகள் என்ன தின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அரபு நாட்டில் புல் அரிது. கிடைத்ததைக் கொடுத்துத்தான் குதிரை வளர்த்தார்கள். தெற்கு அரேபியக் கரையில் குதிரை, மாடு, ஒட்டகம் எல்லாமே சிறு மீன்களைத் தின்று வாழ்ந்ததாக மார்க்கோ போலோவே எழுதுகிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரேபியாவில் அலைந்த சுவிஸ் பயணி பர்க்ஹார்ட், நஜ்த் பகுதியில் குதிரைக்குப் பேரீச்சம்பழம் வாடிக்கைத் தீனி என்றும், சில இடங்களில் அதைக் குதிரைமசாலோடு கலந்து கொடுத்தார்கள் என்றும் குறித்திருக்கிறார். வசதி படைத்தவர்கள் பச்சை இறைச்சியும் வெந்த இறைச்சியும் போட்டார்களாம்.

பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அந்தக் குதிரைகள் அதைத் தாங்கியதற்குக் காரணம் உண்டு. பிறந்ததிலிருந்து அதே தீனி. கொஞ்சமாகக் கிடைக்கும் தீனி. நாள் முழுதும் பாலைவனத்தில் நடை, ஓட்டம். தின்ற சர்க்கரை தசையில் எரிந்துபோயிற்று.

அந்தக் குதிரையைப் பிடித்து மரக்கலத்தின் வயிற்றில் கட்டி, வாரக்கணக்கில் அசையவிடாமல் கொண்டுவந்து, புழுக்கம் மிகுந்த கரையில் இறக்கி, முன்பின் தின்றறியாத அரிசிச் சோற்றை வயிறு நிறைய ஊட்டினால் அதன் குடல் எப்படித் தாங்கும்? புதிய தீனியைப் பழைய தீனியோடு சிறிது சிறிதாகக் கலந்து, குறைந்தது ஏழு முதல் பத்து நாளில் மாற்றுவது இன்றைய கால்நடை மருத்துவரின் முதல் விதி. அன்று அந்த இடைவெளி கிடைத்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை.

தீனி மட்டுமே கொன்றது என்று சொல்வதும் பிழை. தென்னிந்தியச் சூடும் ஈரமும் பாலைவனக் குதிரைக்கு ஒவ்வாதவை. ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற இரத்த நோய் குதிரைகளை மெலிய வைத்துக் கொல்லும். அதற்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880இல்தான் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே இந்தப் பக்கம் வரவிடவில்லை என்று போலோ சொல்கிறார். செத்தால்தானே அடுத்த ஆண்டு விற்பனை நடக்கும்!

வணிகத்தின் கணக்கும் அப்படித்தான் இருந்தது. வழியில் குதிரை இறந்தாலும் பாண்டிய அரசு விலையைக் கொடுத்துவிடும் என்கிறார் வஸ்ஸாஃப். அனுப்பிய ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடமே அமைச்சராக, காயல் முதலிய துறைமுகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் விஜயநகரத்திலும் வழக்கம் மாறவில்லை. சாளுவ நரசிம்மர் மூன்று குதிரைக்கு 1,000 பர்தாவ் என்ற விலையில், உயிரோடோ பிணமாகவோ வாங்கினார் என்றும், கடலில் இறந்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்றும் போர்த்துக்கேயக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதியிருக்கிறார். விஜயநகர அரசர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கினார் என்பதும் அவர் தரும் கணக்கே. குதிரை பிழைக்க வேண்டும் என்ற அக்கறை விற்பவருக்கு ஏற்படும்படி அந்த வணிகம் அமையவில்லை.

கொள்ளும் அருகம்புல்லும்

வெளிநாட்டுக் குதிரையோடு பட்ட பாட்டிலிருந்து தெற்கே ஒரு பொதுத் தீனி நிலைத்தது. அது கொள்ளு. தென் மாவட்டத்தார் காணம் என்பார்கள். வானம் பார்த்த மானாவாரி நிலத்தில், வேறு எதுவும் விளையாத செம்மண்ணில் விளையும் பயறு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பழமொழியே பிறந்துவிட்டது.

கொள்ளைப் பச்சையாகப் போடுவதில்லை. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் உள்ளன. ஊறவைத்து வேகவைத்தால் அவை பெருமளவு குறையும். லாயக்காரர் இரவே கொள்ளை ஊறப்போடுவார். விடியுமுன் பெரிய பானையில் ஏற்றி, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவிடுவார். நீரை வடித்து, பரப்பி, நன்றாக ஆறிய பிறகுதான் உப்பும் தவிடும் கலந்து தீனிப்பையில் கட்டுவார். சூடாகவோ அரைவேக்காடாகவோ கொடுத்தால் குதிரை படுத்துவிடும் என்பது அவர் கண்டு அறிந்த பாடம். வேதியியல் படிக்காமலே சமையலில் அதைச் சரிசெய்திருந்தார்கள்.

தவிட்டில் மட்டும் ஒரு கண் வேண்டும். அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தவிட்டையே முக்கியத் தீனியாக்கினால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முக எலும்பு வீங்கி, கால்கள் வலுவிழக்கும். பாண்டிய நாட்டில் நல்ல குதிரைக்குப் பிறந்த குட்டிகூடக் கால் கோணிப் பிறந்தது என்று போலோ சொல்வதற்குத் தாயின் தீனியில் இருந்த இத்தகைய குறையும் காரணமாக இருந்திருக்கலாம்.

கொள்ளைவிட முக்கியம் புல். ஆங்கிலேயர் காலத்துச் சென்னையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் ஒரு புல்லறுப்பவரும் இருந்தார்கள். 1830களில் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஜூலியா மெய்ட்லண்ட் தம் கடிதங்களில், குதிரைக்கு ஓர் ஆளும், புல் கொண்டுவர ஒரு பெண்ணும் தனித்தனியே இருப்பதை வியப்போடு எழுதியிருக்கிறார். அந்தப் பெண் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியாகவே இருப்பார். வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் உட்கார்ந்து அருகம்புல்லை வேரோடு செதுக்கி எடுத்து, மண் உதிரத் தட்டி, குளத்தில் அலசி, தலைச்சுமையாகக் கொண்டுவருவார். அலசும் வேலை சும்மா வந்ததல்ல. புல்லோடு போகும் மணல் குதிரையின் பெருங்குடலில் படிந்து அடைப்பை உண்டாக்கும். வெயிலில் குனிந்து புல் செதுக்கிய அந்தப் பெண்களின் உழைப்பில்தான் சென்னை மாகாணத்துக் குதிரைகள் உயிர் வாழ்ந்தன. படைப்பிரிவுகளின் வரலாற்றில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் அரபுக் குதிரையின் இடத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேலர் குதிரைகள் பிடித்தன. நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்த அவை சென்னைக் கடற்கரையில் இறங்கின. படைக்கான குதிரைகளைப் பழக்கவும் பராமரிக்கவும் ஓசூரை அடுத்த மத்திகிரியில் பெரிய பண்ணை இருந்தது. மேய்ச்சல் நிலமும் குளிர்ந்த தட்பவெப்பமும் உள்ள இடமாகப் பார்த்து அமைத்தது வீண்போகவில்லை. 1920களில் அது பொதுக் கால்நடைப் பண்ணையாக மாறியது. அரசின் கால்நடைப் பண்ணையாக இன்றும் நடக்கிறது. நோயைப் படித்து அறியும் காலமும் இதற்குள் தொடங்கிவிட்டது. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் பிறந்தது.

நெடுந்தீவு சொல்லும் சாட்சி

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, பாக்கு நீரிணையில் இருக்கிறது நெடுந்தீவு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் பவளக்கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவர்கள் போன பிறகு கைவிட்ட குதிரைகள் காட்டுக் குதிரைகளாகப் பெருகின. யாரும் சோறு வேகவைக்கவில்லை, வெண்ணெய் பிசையவில்லை. உவர்க்காற்று வீசும் வெளியில் தாமே புல் மேய்ந்து, இரண்டு நூற்றாண்டு கடந்தும் மட்டக் குதிரைகளாக வாழ்கின்றன. வறட்சி கடுமையாகும் ஆண்டுகளில் தண்ணீரின்றி மடிகின்றன. அந்த இழப்பு பெரிது. ஆனாலும் வெப்பமான இந்தக் கடற்பகுதியில் குதிரையே வாழாது என்ற பழைய எண்ணத்துக்கு அவை உயிருள்ள மறுப்பு. புல்லும் நீரும் நடையும் இருந்தால் குதிரை பிழைத்துக்கொள்ளும்.

இன்றைக்குக் கையில் பழத்தோடு

அரசர்களின் லாயங்கள் போய்விட்டன. மெரினா மணலிலும், ஊட்டி ஏரிக்கரையிலும், கல்யாண ஊர்வலங்களிலும் குதிரைகள் உழைக்கின்றன. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. குதிரையைக் கண்டதும் கையில் இருப்பதைக் கொடுக்கத் தோன்றுவது மனிதருக்கு இயல்பு. ஊட்டியில் கேரட், கடற்கரையில் மாங்காய்த் துண்டு, பிஸ்கட், சுண்டல், வீட்டில் வெல்லக்கட்டி. ஒருவர் கொடுப்பது ஒரு துண்டுதான். விடுமுறை நாளில் நூறு பேர் கொடுத்தால், பாண்டிய நாட்டு லாயத்தில் நடந்தது அந்த ஒரே குதிரையின் வயிற்றில் திரும்ப நடக்கும்.

பழம் குதிரைக்கு நஞ்சல்ல. ஆப்பிள், வாழைப்பழம், தர்ப்பூசணி, பேரிக்காய், கேரட் எல்லாம் ஆரோக்கியமான குதிரைக்கு ஆகும். நாளுக்கு மொத்தமாக ஒரு பழமோ ஓரிரு கேரட்டோ போதும். தர்ப்பூசணி என்றால் சில துண்டுகள். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி ஒன்றிரண்டு கொடுக்கலாம். மாம்பழத்தில் சதையை மட்டும் நறுக்கிக் கொடுக்க வேண்டும். கொட்டை தொண்டையில் சிக்கும். கேரட்டை வட்டமாக நறுக்கக் கூடாது. உருண்டைத் துண்டு உணவுக்குழாயில் தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் மெல்லிய கீற்றாக நறுக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் குதிரை கழுத்தை நீட்டி இருமும், மூக்கு வழியே எச்சிலும் தீனியும் வழியும். அப்போது தீனியையும் தண்ணீரையும் அகற்றிவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் வழி.

அவகாடோவைக் கொடுக்கவே கூடாது. பழம், இலை, தோல் எல்லாமே குதிரைக்கு நஞ்சு. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தக்காளிச் செடியின் இலை, பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு இரண்டும் ஆகாது. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் வாயுவை ஏற்றும். சாக்லேட்டில் உள்ள பொருள் நஞ்சாவதோடு, பந்தயக் குதிரையின் இரத்தத்தில் தென்பட்டால் தடைக்கும் காரணமாகும். ஏற்கெனவே லாமினைட்டிஸ் வந்த குதிரைக்கும், உடல் பெருத்த குதிரைக்கும் இனிப்புப் பழம் எதுவும் வேண்டாம்.

கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் உள்ளன. வாய்க்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. உதட்டால் தடவித்தான் எடுக்கும். விரல் நுனியில் பிடித்து நீட்டினால் விரலையும் சேர்த்துக் கடித்துவிடும். உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து, அதன்மேல் துண்டை வைத்து நீட்ட வேண்டும். குழந்தைகளை இதில் தனியே விடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதலில் குதிரைக்காரரிடம் கேட்க வேண்டும். காலையிலிருந்து அது என்ன தின்றது, அதற்கு என்ன நோய், எது ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்குத்தான் தெரியும். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ உலர்ந்த புல்லோ அதற்கு ஈடான பசும்புல்லோ வேண்டும். அந்தச் செலவைச் சமாளிக்க முடியாமல்தான் பல உரிமையாளர்கள் குதிரையைச் சாலையில் அவிழ்த்துவிடுகிறார்கள்; அது குப்பையிலும் பிளாஸ்டிக்கிலும் வாய் வைக்கிறது. பழம் வாங்கும் காசில் ஒரு கட்டுப் பசும்புல் வாங்கி அவரிடம் கொடுங்கள். குதிரைக்கு அன்றைய தேவை அதுதான்.